மஞ்சள் பால்: எதற்கு உதவும், எதற்கு உதவாது



பனிக்காலம் வந்துவிட்டால், மாலைப் பார்வையாளர் நேரத்தில் எங்கள் மருத்துவமனை வார்டுகளுக்கு வருகிறவர்களின் கையில் பிளாஸ்க் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பெரும்பாலும் மஞ்சள் பால்தான். "ஐயா, இதைக் கொடுக்கலாமா? டாக்டர் திட்டுவாரா?" என்று எங்களிடம் மெதுவாகக் கேட்பார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்குகிறவர்கள் போதகரிடம் கேட்டுவிடுகிறார்கள். டிசம்பர் மாதத்தில் கீத பவனி போய்த் தொண்டை கட்டிக்கொண்ட வாலிபர்களுக்கும், சபையின் தாய்மார்கள் கொடுப்பது இதே பால்தான்.

இந்தப் பாலை வீட்டில் சரியாகச் செய்வது எப்படி, அதனால் என்ன நன்மை, எந்த இடத்தில் அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்பவற்றை எங்கள் டாக்டர்களிடமும் உணவுப் பிரிவிலுள்ள சகோதரிகளிடமும் கேட்டறிந்து இங்கே எழுதுகிறோம். எளிய காரியம்தானே என்று தள்ளிவிடாமல் முழுவதையும் வாசிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

எந்த மஞ்சள் வாங்குவது?

நாட்டு மருந்துக் கடையில் "மஞ்சள்" என்று கேட்டால் பலவகை உண்டு. குண்டு மஞ்சள் பெரும்பாலும் பூசிக் குளிப்பதற்கு. கஸ்தூரி மஞ்சள் முகத்துக்குப் பூசுவது. அது வேறு இனம். மரமஞ்சள் என்பது மஞ்சளே அல்ல, ஒரு கொடியின் கட்டை. சமையலுக்கும் பாலுக்கும் ஏற்றது விரல்போல் நீண்டிருக்கும் விரலி மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளை நம்மில் அநேகர் அறிவோம்.

விரலி மஞ்சளை அறுவடைக்குப் பின் அவித்து, வெயிலில் உலர்த்தி, மேல்தோல் போக உருட்டி மெருகேற்றுகிறார்கள். இந்த மெருகேற்றும் வேளையில்தான் சில இடங்களில் ஒரு தீமை நுழைகிறது. நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறப் பொடியைச் சேர்க்கிறார்கள். இது பெயிண்ட்டுக்குப் பயன்படும் பொருள். அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிள்ளைகளுக்குக் கேடு செய்யாத ஈய அளவு என்று ஒன்றில்லை.

பங்களாதேஷ் நாட்டில் 2019இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் காணப்பட்டது. அரசாங்கம் வியாபாரிகளை எச்சரித்து, தவறியவர்களுக்கு அபராதம் விதித்து, மக்களுக்கும் விளக்கியது. 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் காணப்படவில்லை. மனம் வைத்தால் இதை ஒழிக்கலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? மிகவும் பளபளப்பான மஞ்சளைத் தேடாதிருங்கள். சற்று மங்கலாக, மேலே தோல் ஒட்டியிருக்கும் விரலி மஞ்சளே நல்லது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே நிறம் ஓடிக் கரைந்தால் அதை வாங்க வேண்டாம். இந்தச் சோதனை சந்தேகத்தைக் காட்டுமேயன்றி ஈயம் இல்லை என்று உறுதி சொல்லாது. அதைப் பரிசோதனைக் கூடந்தான் சொல்ல முடியும். நல்ல மஞ்சள் கிடைத்தால் கழுவி, நன்றாகக் காயவைத்து, இடித்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளலாம். மூடியுள்ள டப்பாவில் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறச்சத்து கெட்டுப்போகும்.

செய்முறை

ஒருவருக்குத் தேவையானவை:

பால் – 200 மில்லி
தண்ணீர் – 50 மில்லி
மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
மிளகு – 4 அல்லது 5
சுக்குத் தூள் – ஒரு சிட்டிகை
ஏலக்காய் – 1
பனங்கற்கண்டு – ஒரு தேக்கரண்டி

மிளகையும் ஏலக்காயையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து மஞ்சள் தூள், மிளகு, சுக்கு, ஏலக்காய் ஆகியவற்றைப் போட்டு, தீயைக் குறைத்து மூன்று நான்கு நிமிஷம் கொதிக்க விடுங்கள். மஞ்சளின் பச்சை வாடை போனபின் பாலை ஊற்றிப் பொங்கி வரும்வரை காய்ச்சி, இரண்டு நிமிஷம் சிறு தீயில் வையுங்கள். இறக்கிப் பனங்கற்கண்டு சேர்த்து, அது கரைந்ததும் வடிகட்டி, குடிக்கும் சூட்டில் கொடுங்கள்.

சிலர் கொதித்த பாலில் மஞ்சள் தூளைத் தூவிக் கலக்கிக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் தூள் அடியில் தங்கும். பச்சை வாடையும் போகாது. பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பது அதனால்தான். முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சுக்குக்குப் பதிலாக இஞ்சி போடுகிறவர்கள், அதைத் தட்டித் தண்ணீரிலேயே நன்கு கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் சத்து ஒன்று உண்டு. கொதித்தால் அது அழிந்துவிடும். கருப்பட்டி சேர்க்கிறவர்கள் அதை அடுப்பில் கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரிந்துவிடக்கூடும். தனியே சிறிது வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாலை இறக்கியபின் சேர்ப்பது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு இரண்டு மிளகு போதும்.

பால் துணியில் சிந்திவிட்டால் கறை சோப்புப் பட்டவுடன் சிவக்கும். பயப்பட வேண்டாம். சோப்பிலுள்ள காரம் மஞ்சளைச் சிவக்கச் செய்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவப்பதும் இதே காரணத்தால்தான். நன்றாக அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் கறை மங்கிவிடும்.

இதனால் என்ன நன்மை?

முதல் நன்மை பாலினால் வருவது. 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம் புரதமும், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் உண்டு. காய்ச்சலில் சோறு இறங்காமல் கிடக்கிறவருக்கு இது நல்ல ஆகாரம். சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கும். மிளகும் சுக்கும் மூக்கடைப்பைச் சற்று இலகுவாக்கும். "பால் குடித்தால் சளி கூடும்" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பாகத் தோன்றுமேயன்றி, சளியை அதிகமாக்குவதில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் சத்துக்குக் குர்குமின் என்று பெயர். இது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அது உடம்பில் சேருவதும் வெகு சொற்பம். ஈரல் அதைச் சீக்கிரமாய் மாற்றி வெளியே அனுப்பிவிடும். 1998இல் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சுகமுள்ள மனிதருக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகவும், மிளகின் காரச்சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராமோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகுச் சத்தோடு கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்ட நம் பாட்டிமார் நல்ல ஜோடியைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கை முழுவதும் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். கால் தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ முக்கால் கிராம். அதில் குர்குமின் 22 மில்லிகிராம் வரும். ஆராய்ச்சியில் கொடுத்த 2 கிராம் வேண்டுமானால் ஒருவர் ஏறத்தாழ 90 டம்ளர் மஞ்சள் பால் குடிக்க வேண்டும்! அந்த ஆராய்ச்சியும் குர்குமின் எவ்வளவு இரத்தத்தில் சேருகிறது என்று பார்த்ததே தவிர, எந்த நோயும் குணமாயிற்று என்று சொல்லவில்லை.

வேறொரு செய்தியையும் சிலர் நினைவுகூருவார்கள். 1995இல் அமெரிக்காவில், மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு ஒரு மருத்துவப் பல்கலைக்கழக நிலையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம் 1996இல் அதை எதிர்த்து வழக்காடி, பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டியது. 1997இல் அந்த உரிமை ரத்தாயிற்று. நமக்குப் பெருமையான காரியந்தான். ஆனால் அந்த வழக்கில் முடிவானது, இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, நம் மக்கள் முன்பே அறிந்தது என்பதே. மஞ்சள் எந்த வியாதியைக் குணமாக்கும் என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆகவே மஞ்சள் பால் நல்ல ஆகாரம், நல்ல ஆறுதல். ஜலதோஷம் தானாகவே ஒரு வாரம் பத்து நாளில் போகும். அதுவரை உடம்பைத் தாங்க இது உதவும். சிகிச்சையின் இடத்தில் அதை வைக்கும்போதுதான் இடறல் உண்டாகிறது.

ஒரு தாயின் கண்ணீர்

எங்கள் நெஞ்சு நோய் வார்டுக்கு ஒரு கொத்தனார் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். மூன்று மாதமாக இருமல். சாயங்காலம் காய்ச்சல் வரும், காலையில் விட்டுவிடும். சட்டை தோளில் தொங்கும் அளவுக்கு உடம்பு மெலிந்திருந்தது. வேலைத்தலத்துச் சிமெண்டுத் தூசிதான் காரணம் என்று வீட்டில் எண்ணியிருந்தார்கள். அவருடைய தாயார் ஒரு நாள் தவறாமல் இரவில் மஞ்சள் பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. வீட்டிலுள்ளவர்களைச் சோதித்தபோது அவருடைய நான்கு வயது மகளுக்கும் தொற்றியிருந்தது.

அந்தத் தாயார் வராந்தாவில் உட்கார்ந்து, "என் கையாலேயே கொடுத்துக் கெடுத்துட்டேனே, ஐயா" என்று அழுதார்கள். "அம்மா, நீங்கள் கொடுத்த பால் அவனைக் கெடுக்கவில்லை. அவன் நடந்து இங்கே வந்து சேர அதுவும் உதவியிருக்கும். போன நாட்கள்தான் கெடுதல் செய்தன" என்று நாங்கள் சொன்னோம். அதன்பின் அவர்களே மகனுக்கும் பேத்திக்கும் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் காவலாளியானார்கள். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து இருவரும் சுகமானார்கள். பாலும் நிறுத்தப்படவில்லை, மாத்திரைக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது.

இப்படி நாட்கள் வீணாவதைத்தான் நாம் தடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசு சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையிலிருக்கும் காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்தில் பால் வாங்கலாம் என்று நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்வதுண்டு.

குழந்தைகளின் விஷயத்தில் இன்னும் விரைவு வேண்டும். இருமலோடு மூச்சு வேகமாக வாங்கினால் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

யாருக்கு, எப்போது கொடுக்கக் கூடாது?

1. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. மஞ்சள் பால் ஒரு சங்குகூட வேண்டாம். ஒரு வயதுக்குள் எந்தப் பானத்திலும் தேன் சேர்க்கக் கூடாது; அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் தசைகளைத் தளரச் செய்துவிடும்.

2. அறுவைச் சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், அது பாலுக்கும் பொருந்தும். பால் திட ஆகாரத்தைப்போல் வயிற்றில் தங்கும்; மயக்க மருந்துக்கு முன் குறைந்தது ஆறு மணி நேரம் கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. "பாவம், பசியோடு கிடக்கிறாரே" என்று விடியற்காலையில் இரகசியமாய்க் கொடுப்பவர்கள் உண்டு. கொடுத்துவிட்டால் தயவுசெய்து மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அறுவையைத் தள்ளிவைக்கலாம், யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை.

3. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள் அதைப் பாலோடு விழுங்கக் கூடாது. பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பு உடம்பில் சேருவதைக் குறைக்கும். மஞ்சளும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

4. சர்க்கரை நோயாளிகளுக்குப் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான். இனிப்பில்லாமல் குடிக்கலாம்.

5. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் தினந்தோறும் குடிக்குமுன் டாக்டரிடம் கேட்பது நல்லது.

மஞ்சள் மாத்திரைகள் வேண்டுமா?

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பொருட்களில் இப்போது குர்குமின் மாத்திரைகளும் இருக்கின்றன. "மஞ்சள்தானே, என்ன செய்யும்?" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே கவனம் வேண்டும். சமையலில் சேரும் சிட்டிகை மஞ்சள் வேறு, அதன் சத்தைப் பிரித்துத் திரட்டிய மாத்திரை வேறு. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைக் கவனிக்கும் ஆராய்ச்சிக் குழு, 2004 முதல் 2022 வரை இத்தகைய மாத்திரைகளால் ஈரல் வீங்கிய 10 பேரைக் குறித்து எழுதியிருக்கிறது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். சிலருடைய மாத்திரைகளில் மிளகுச் சத்தும் சேர்ந்திருந்தது. பாலில் நன்மையாயிருந்த அதே ஜோடி, அளவு மிஞ்சும்போது பாரமாகிவிடுகிறது. காசநோய் மருந்துகளும் ஈரலைச் சோர்வடையச் செய்பவை. ஆகவே அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் இதைச் செய்து காட்டலாம். மஞ்சள் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதையும், குழந்தையின் மூச்சை எண்ணுவதையும் அதே கூட்டத்தில் கற்றுக்கொடுக்கலாம். கடிகாரமும் பத்து நிமிஷமும் இருந்தால் போதும்.

சுகமில்லாதவர்களை வீட்டில் சந்திக்கப் போகும்போது பிளாஸ்க்கில் மஞ்சள் பால் கொண்டுபோங்கள். நெடுநாள் படுத்திருக்கிறவருக்கு, தன்னை நினைத்து ஒருவர் அடுப்படியில் நின்றார் என்பதே பெரிய ஆறுதல் என்பதை நாங்கள் தினமும் காண்கிறோம். டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது, "எத்தனை நாளாக இருமல்?" என்று ஒரு கேள்வியையும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், பாலைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மறுநாள் காலையில் அவரைப் பரிசோதனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் அநேகர் போவதில்லை. கூட ஒருவர் வந்தால் போவார்கள்.

உங்கள் அன்பின் உழைப்பில் பங்குள்ள,
மருத்துவமனைப் போதகர்